டெதராவுக்குப் பிறகு மெதரா

"1986 நவம்பர், இரண்டாவது செவ்வாய், பிற்பகல். கூர். யான், டான், டெதரா, மெதரா, பிம்ப். தொடர்ந்து இருபது வரை. நேற்றும் இதே ஒழுங்கு. முந்தாநாளும் இதே ஒழுங்கு."

பழைய வேலை நேர அட்டவணை ஒன்றின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிய குறிப்பு இது. எழுத்து என்னுடையதுதான். அப்போது நான் மொழிபெயர்ப்பாளன் அல்லன். சூரிச்சுக்கு அப்பால் மலைநாட்டில் இருக்கும் கூர் நகரத்து முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு உதவியாளனாக வேலை செய்துகொண்டிருந்தேன். என் அகதி வழக்குக்கு அப்போது முடிவு வரவில்லை. வைத்தியசாலைகளிலும் அலுவலகங்களிலும் மொழிபெயர்க்கப் போனதெல்லாம் அதற்குப் பிறகு. ஓய்வு பெறும்வரை அதுவே என் வேலையாக இருந்தது. ஆனாலும், இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் என்னிடம் ஏதாவது சொல்லச் சொன்னால், அந்த இல்லத்தின் மூன்றாம் மாடிக்குத்தான் நான் திரும்பிப் போகவேண்டியிருக்கிறது.

அந்த மாடியில் எல்லி என்று ஓர் ஆங்கிலேய மூதாட்டி இருந்தார். போருக்கு முன் மலை விடுதி ஒன்றில் படுக்கை விரிக்க வந்தவர். இங்கே ரயில்வேயில் வேலை செய்த ஒருவரை மணந்து, அரை நூற்றாண்டு கூர் நகரத்துப் பேச்சையே பேசி வாழ்ந்தவர். கணவர் இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. மூளையில் இரத்தம் அடைபட்டபின் ஜெர்மன் முழுவதும் அவரை விட்டுப் போய்விட்டது. ஆங்கிலம் மட்டும் மிஞ்சியது. என்னைத் தவிர அந்த மாடியில் ஆங்கிலம் பேச ஒருவரும் இல்லாததால் அவரை என் பொறுப்பில் விட்டார்கள்.

யாழ்ப்பாணத்தில் நல்ல ஆங்கிலம் படித்தவன் என்ற எண்ணம் எனக்கு இருந்தது. முதல் வாரத்திலேயே அது கரைந்தது. அவர் பேசியதில் பாதி எனக்கு விளங்கவில்லை. படுக்க வேண்டும் என்பதற்கு 'லிக்' என்றார். உடுப்புப் பெட்டியைக் காட்டி 'கிஸ்ட்' என்றார். பின்னேரமானால் கதவைப் பார்த்து 'யாம், யாம்' என்றார். நான் திகைத்து நிற்க, மாடிக்குப் பொறுப்பான தாதி (ஷ்வெஸ்டர் என்றே கூப்பிடுவோம்) பேசாமல் வந்து அவரைப் படுக்கவைத்தார். இன்னொரு நாள் நான் கேட்பதற்கு முன்பே பெட்டியைத் திறந்து கொடுத்தார்.

"உங்களுக்கு எப்படி விளங்குது?" என்று கேட்டேன்.

"கூரிலே படுக்கிறதுக்கு என்ன சொல்லுவோம்? லிக்கா. பெட்டிக்கு? கிஷ்டா. இதிலே விளங்காமல் இருக்க என்ன இருக்கு?" என்றார் அவர்.

பிற்காலத்தில் சூரிச் நூலகத்தில் தேடிப் படித்தபோதுதான் காரணம் தெரிந்தது. 'லிக்' என்பதும், வீட்டைக் குறிக்கும் 'யாம்' என்பதும் வட இங்கிலாந்தின் மேட்டுநிலங்களில் ஆயிரம் வருடங்களுக்கு முன் குடியேறிய வடகடல் மக்கள் விட்டுப்போன சொற்கள். பள்ளிக்கூட ஆங்கிலம் அவற்றை உள்ளே விடவில்லை. பள்ளிக்கூட ஜெர்மன் கூர் பேச்சை உள்ளே விடாதது போலத்தான். வாசலுக்கு வெளியே நின்ற இரண்டும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொண்டன. நான் வாசலுக்கு உள்ளே நின்றவன்.

சில சொற்களுக்கு ஷ்வெஸ்டரும் கைவிரித்தார். எல்லி எந்நேரமும் பின்னிக்கொண்டே இருப்பார். பின்னும்போது கண்ணிகளை எண்ணுவதுபோல் ஏதோ சொல்வார். அந்தச் சொற்கள்தான் நான் மேலே குறித்திருப்பவை. இருபதாவது சொல் 'கிகொட்'. அதைச் சொன்னதும் இடக்கையில் ஒரு விரலை மடக்கிவிட்டு மறுபடியும் யானிலிருந்து தொடங்குவார்.

கீழே சலவை அறையில் வேலை செய்த குகன், அடுக்கிய துணிகளை மேலே கொண்டுவரும்போதெல்லாம் கதவில் சாய்ந்து நின்று கேட்பான். எங்கள் ஊர்ப்பக்கத்துப் பொடியன், வாய் சும்மா இராது.

"அண்ணை, ஆச்சி சங்கத்தமிழெல்லோ கதைக்கிறா. யான் எண்டுறா, கேட்டியளோ?"

"விசர்க்கதை கதையாதை. ஷ்வெஸ்டரிட்டைப் போய் இப்பிடிச் சொல்லிப்போடாதை."

"சொன்னால் என்ன? எங்கடை ஆக்களுக்குக் கூரிலை ஒரு ஆச்சி கூடினால் உங்களுக்கு என்ன நட்டம்?"

இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்களுக்கும் இந்த ஆசை வரும். எங்கோ ஒரு சொல் தமிழ்போல ஒலித்தால் உடனே உறவு கொண்டாட மனம் துடிக்கும். பகிடிக்குக் கொண்டாடுங்கள். பதிவில் எழுதாதீர்கள்.

அந்த நவம்பரில் எல்லியின் இடம் கேள்விக்கு வந்தது. குளிக்க வைக்கும்போது இரண்டு பேரை அடித்துவிட்டார். இல்லத்துக்கு வந்துபோகும் வைத்தியர் ஓர் அறிக்கை எழுதினார். நோயாளி இல்லாத சொற்களை உண்டாக்கிப் பேசுகிறார், இருபதுவரை எண்ணச் சொன்னால் பிதற்றுகிறார், புத்தி கலங்கிவிட்டது, பூட்டிய மனநல விடுதிக்கு மாற்றுவது நல்லது என்பது அதன் சாரம். எல்லிக்கு உறவினர் இல்லாததால் பாதுகாவலர் அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து பார்த்து முடிவெடுப்பதாக ஏற்பாடு. அவர் முன்னால் மொழிபெயர்க்கும் வேலை எனக்கு.

அவரை அங்கே அனுப்பினால் என்ன நடக்கும் என்பதில் ஷ்வெஸ்டருக்கும் எனக்கும் சந்தேகம் இருக்கவில்லை. இங்கே 'லிக்' என்றால் படுக்கவைக்க ஆள் உண்டு. அங்கே ஊசி போடுவார்கள்.

அதிகாரி வருவதற்கு முதல் நாள் சலவை அறையில் குகன் எனக்கு வழி சொல்லித் தந்தான்.

"இதிலை யோசிக்க என்ன கிடக்கு? அவர் எண்ணச் சொல்லுவார். ஆச்சி என்னவோ சொல்லட்டும். நீங்கள் ஒண்டு, ரெண்டு, மூண்டு எண்டு ஜெர்மனிலை சொல்லிப்போட்டு வாங்கோ. ஆர் கண்டது?"

"அவருக்குக் காது இல்லையோ?"

"காது இருக்கு. ஆனால் இங்கிலீசு தெரியாதெல்லோ அண்ணை."

நான் சிரித்தேன். ஆனால் அன்று முழுக்க அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். அது எண்ணிக்கைதான் என்று என் மனம் சொன்னது. ஆனால் எனக்குத் தெரியாது. அப்படி ஓர் எண்ணும் முறை உலகில் உண்டு என்று ஒரு புத்தகத்திலும் நான் அதுவரை படித்திருக்கவில்லை. மனம் சொல்வதும் தெரிந்திருப்பதும் வேறு வேறு. அந்த வேறுபாட்டுக்குத்தான் நமக்குச் சம்பளம்.

இதற்கு முந்திய வருடம் நடந்த ஒன்றையும் சொல்லவேண்டும். அந்த அறைக்குள் நான் அதைச் சுமந்துகொண்டுதான் போனேன். என் அகதி விசாரணையில் மொழிபெயர்த்தவர் தமிழ்நாட்டுக்காரர், மரியாதையான மனிதர். இராணுவம் எங்கள் வீட்டு ஒழுங்கைக்குள், அந்தச் சந்துக்குள், வந்தபோது நான் எங்கே நின்றேன் என்று கேட்டார்கள். "கதியாலுக்குப் பின்னாலை நிண்டனான்" என்றேன். அவர் ஒரு கணம் தயங்கினார், பிறகு ஏதோ சொன்னார், தட்டச்சில் ஏறியது. விசாரணை முடிந்ததும் எழுதியதையெல்லாம் வசனம் வசனமாகத் தமிழில் திரும்ப வாசித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்து வாங்குவார்கள். அப்போதுதான் கேட்டேன்.

"நீங்க மரத்துல ஏறி ஒளிஞ்சுக்கிட்டீங்கன்னு இருக்கு, சரிதானே?"

"இல்லை ஐயா, மரத்திலை ஏறேல்லை. கதியாலுக்குப் பின்னாலை நிண்டனான்."

"அப்படின்னா என்னங்க?"

"வேலியிலை நடுற தடி. தழைச்சு வளரும். எங்கடை வேலியெல்லாம் அதுதான்."

அவர் முகம் சிவந்து திருத்திச் சொன்னார். அடுத்த விசாரணையில் இதே கேள்வி வந்து, நான் வேலிக்குப் பின்னால் என்று சொல்லியிருந்தால், முன்னுக்குப் பின் முரண் என்று எழுதி என் கோப்பை மூடியிருப்பார்கள். அவர் கெட்டவர் அல்லர். தெரியாத சொல்லைத் தெரியாது என்று சொல்லக் கூச்சப்பட்டார், அவ்வளவுதான். எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் இருக்கும் கூச்சம் அது. ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத்தானுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும்.

அதிகாரி சொன்ன நேரத்துக்கு வந்தார். நடுத்தர வயது, களைத்த முகம், அவசரம் இல்லாதவர். எல்லி யன்னலோரம் பின்னிக்கொண்டிருந்தார். ஷ்வெஸ்டர் சுவரோடு நின்றார். எல்லியிடம் பெயரைக் கேட்டார்கள், சரியாகச் சொன்னார். வருடத்தைக் கேட்டார்கள், கையை வீசி அதைத் தள்ளிவிட்டார். பிறகு அதிகாரி வைத்தியரின் அறிக்கையைப் பார்த்துவிட்டு, இருபதுவரை எண்ணச் சொல்லுங்கள் என்றார்.

எல்லி எண்ணினார். யான், டான், டெதரா, மெதரா, பிம்ப், செதரா, லெதரா. நிறுத்தாமல் கிகொட் வரை. விரலை மடக்கினார்.

"என்ன சொல்கிறார்?"

ஒன்று, இரண்டு, மூன்று என்று சொல்ல என் நாக்கு தயாராகத்தான் இருந்தது.

"இந்தச் சொற்கள் எனக்குத் தெரியாது" என்றேன். "எண்கள் என்று நினைக்கிறேன், ஆனால் உறுதியாகச் சொல்ல என்னால் முடியாது. ஒவ்வொரு நாளும் இதே ஒழுங்கில் சொல்கிறார். தயவுசெய்து ஒலியை அப்படியே எழுதுங்கள்."

"ஆங்கிலம் தெரிந்தவர் என்றுதானே உங்களைக் கூப்பிட்டது?"

"ஓம். இது எனக்குத் தெரிந்த ஆங்கிலம் அல்ல."

அவர் பெருமூச்சு விட்டார். ஆனாலும் எழுதினார். நான் ஒவ்வொரு சொல்லாகச் சொல்ல, தன் எழுத்துக்கூட்டலில் எழுதினார். எழுதி முடித்துப் பேனாவை மூடப்போனபோது, இனி இதை அவருக்கு வாசித்துக்காட்ட வேண்டும் என்றேன்.

"அது அகதி விசாரணைகளுக்கு அந்நியர் பொலிசில் செய்வது. இங்கே அப்படி வழக்கம் இல்லை."

"அங்கேதான் நான் பழகினேன்."

ஷ்வெஸ்டர் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சிரித்தாரோ என்னவோ. அதிகாரி தாளை என்னிடம் நீட்டினார். "சரி, வாசியுங்கள்."

கூர் நகரத்து அதிகாரி ஒருவரின் கையெழுத்தில் அந்தச் சொற்களைப் பார்த்ததும் நான் தடுமாறிவிட்டேன். "யான், டான், மெதரா…" என்று வாசித்தேன்.

பின்னல் ஊசி நாற்காலிக் கையில் 'டக்' என்று விழுந்தது. "நே" என்றார் எல்லி. "டெதரா." தலையை ஆட்டி, "டெதரா. மெதரா."

நான் மன்னிப்புக் கேட்டுவிட்டு மறுபடி தொடங்கினேன். இம்முறை செதராவையும் லெதராவையும் இடம் மாற்றிவிட்டேன். மறுபடியும் ஊசி விழுந்தது. திருத்திச் சொல்லிவிட்டு, நான் ஒரு முட்டாள் என்றும் சொன்னார். அந்தச் சொல் எனக்கு விளங்கியது.

"என்ன சொல்கிறார்?"

"நான் முட்டாளாம்" என்றேன். "இதையும் எழுதலாம்."

வேண்டுமென்றே பிழைவிட்டாயா என்று இதைக் கேட்டவர்கள் பலர் கேட்டிருக்கிறார்கள். இல்லை. திட்டமிட்டிருந்தால் நடிப்பு தெரிந்திருக்கும். அதிகாரிகள் முன் நடிக்கத் தொடங்கினால் அடுத்த தடவை உங்கள் உண்மையையும் நம்பமாட்டார்கள்.

அதிகாரி பேனாவை மறுபடி எடுத்தார். பிதற்றுகிறவர் மற்றவரின் பிழையைத் திருத்தமாட்டார் என்பது அவருக்கு விளங்கியது. எழுதவும் செய்தார். ஷ்வெஸ்டர் அப்போதுதான் வாய் திறந்தார். தான் ரொமான்ஷ் என்ற சிறு மொழி பேசும் மலைப் பள்ளத்தாக்கில் பிறந்ததாகவும், ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊர் பெட்டிக்கு என்ன சொல்லும் என்பது தன் ஊருக்குத் தெரியாது என்றும், அதற்காக யாரையும் பூட்டிவைத்ததில்லை என்றும் சொன்னார்.

எனக்கு நிம்மதி வந்தது. அது கொஞ்ச நேரம்தான். அதிகாரி என்னைப் பார்த்துக் கேட்டார்: "நீங்கள் லீவில் நின்றால் இவரோடு யார் பேசுவார்கள்?"

நான் ஷ்வெஸ்டரைப் பார்த்தேன்.

"இவை சொற்கள் என்பதை ஏற்றுக்கொள்கிறேன்" என்றார் அதிகாரி. "ஆனால் இந்தக் கட்டடத்தில் இவற்றைக் கேட்க ஒரே ஒரு மனிதர் இருக்கிறார். அவருடைய அனுமதிப் பத்திரமும் சில மாதத்துக்குத்தான். அது எனக்குக் கவலையாக இருக்கிறது."

பெப்ரவரி முடிவுவரை எல்லி இங்கேயே இருக்கலாம், அதற்குள் இன்னொருவராவது இவரைப் புரிந்துகொள்ளப் பழகியிருக்க வேண்டும் என்பது தீர்ப்பு. அந்த மனிதர்மேல் எனக்கு இன்றும் கோபம் இல்லை. அவர் கேட்டது நியாயமான கேள்வி. நான் சொற்களை மட்டும் காப்பாற்றிவிட்டேன். கேட்பவரைப் பற்றி யோசிக்கவில்லை.

சலவை அறைக்குப் போனேன்.

"குகன், நீ இதைப் பழகவேணும்."

"நான் ஜெர்மனே பழகேல்லை. இப்ப ஆச்சியின்ரை பாசையோ?"

"ஓம்."

"சரி. ஜெர்மன் படிச்சும் என்னத்தைக் கண்டனாங்கள்?"

அவன் என்னைவிட வேகமாகப் பழகினான். படுக்கை விரிப்புகளை மடிக்கும்போது யான், டான் என்று மெட்டுப்போட்டு எண்ணுவான். இருபதானதும் விரலை மடக்குவான். வேலை முடிந்து மேலே வந்து எல்லிக்கு நூலைப் பிடித்துக்கொண்டு இருப்பான். எல்லி அவனைத் திருத்துவார். அவன் "ஓம் ஆச்சி, ஓம் ஆச்சி" என்பான். அந்தக் குளிர்காலத்தில் குளிக்கும்போது அவர் ஒருவரையும் அடிக்கவில்லை. தண்ணீர் ஊற்றும்போது யாராவது எண்ணவேண்டும், அவ்வளவுதான் அவருக்குத் தேவைப்பட்டது.

ஒரு சொல்லில் மட்டும் எங்களுக்குள் தகராறு. பதினைந்தாவதை நான் 'பம்ஃபிட்' என்று எழுதியிருந்தேன். குகன் 'மம்ஃபிட்' என்றான்.

"அண்ணை, நீங்கள் எழுதுற அவசரத்திலை காதைக் குடுக்கிறேல்லை. ஆச்சி வாயை மூடித்தான் தொடங்கிறா."

"இரண்டுக்கும் வாயை மூடத்தான் வேணும்."

"இது மூக்காலை வருது. நான் பக்கத்திலை இருந்து கேக்கிறனான்."

எல்லியிடமே கேட்டோம். அவருக்குப் பல் இல்லை. இரண்டு பேரும் தாங்கள் எதிர்பார்த்ததையே கேட்டோம்.

1987 ஜனவரியில் குகனுக்கு நிராகரிப்புக் கடிதம் வந்தது. மேன்முறையீடு செய்யச் சொன்னேன். அவன் தலையாட்டினான். அந்த மாத முடிவுக்குள் ஆள் இல்லை. பிரான்சுக்குள் இறங்கிவிட்டான் என்றார்கள், கனடாவுக்குப் போகிறானாம் என்றார்கள். போவதற்கு முதல் நாள் எல்லியின் அறைக்கு வந்து ஓர் இருபது எண்ணிவிட்டுப் போனதாக ஷ்வெஸ்டர் சொன்னார். எனக்குச் சொல்லாமல் போனதற்குக் காரணம், நான் தடுப்பேன் என்பதுதான்.

பெப்ரவரி முடிவில் அதிகாரி தொலைபேசியில் கேட்டார். ஷ்வெஸ்டர் பொய் சொல்லவில்லை: தனக்குச் சில சொற்கள்தான் விளங்கும், பழகியவன் போய்விட்டான் என்றார். மார்ச் முதல் வாரத்தில் எல்லியை அந்தப் பூட்டிய விடுதிக்குக் கொண்டுபோனார்கள். சொற்களையும் அவற்றுக்கு எங்களுக்குத் தெரிந்த பொருளையும் எழுதி, குளிக்கும்போது எண்ணவேண்டும் என்பதையும் சேர்த்து, கோப்போடு கொடுத்தனுப்பினோம்.

இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். முதல் தடவை அங்கிருந்த தாதி, நல்ல பெண், கோப்பை எடுத்துக் காட்டினாள். எங்கள் தாளை யாரோ சுத்தமாகத் தட்டச்சு செய்திருந்தார்கள். எங்கள் சொற்கள் எதுவும் அதில் இல்லை. "ஆங்கிலத்தில் இருபதுவரை எண்ணுவார்" என்று ஒரு வரி இருந்தது. அதற்குக் கீழே, வேறு மையில், "சோதித்தோம்: எண்ணவில்லை, பிதற்றுகிறார்."

அந்த வரியை எழுதியவர் ஒன்றும் தீமை நினைத்து எழுதவில்லை. படிப்பவருக்கு விளங்கட்டும் என்று ஒழுங்குபடுத்தியிருக்கிறார். உங்கள் வேலைநாளில் யாரும் உங்களைப் பொய் சொல்லச் சொல்லமாட்டார்கள். கொஞ்சம் ஒழுங்குபடுத்தத்தான் சொல்வார்கள். அதற்குத்தான் நான் பயப்படச் சொல்கிறேன்.

இரண்டாவது தடவை போனபோது மடியில் பின்னல் இருக்கவில்லை. ஊசி ஆபத்தானது என்று எடுத்துவிட்டார்களாம். பக்கத்தில் இருந்து எண்ணினேன். டெதராவை வேண்டுமென்றே விட்டேன். அவர் திருத்தவில்லை. அந்த வசந்தத்தில் இறந்தார்.

பல வருடங்களுக்குப் பிறகுதான் அந்த எண்களை அச்சில் பார்த்தேன். வட இங்கிலாந்தின் மலைப் பள்ளத்தாக்குகளில் ஆட்டையும் பின்னற்கண்ணியையும் இப்படி எண்ணியிருக்கிறார்கள். ஆங்கிலம் வருவதற்கு முன் அங்கே பேசப்பட்ட கெல்டிக் மொழியின் எச்சம் என்பார் சிலர். இல்லை, பிற்காலத்தில் வேல்ஸ் பக்கமிருந்து வந்தவர்கள் கொண்டுவந்தது என்பார் வேறு சிலர். 'பிம்ப்' வெல்ஷ் மொழியின் ஐந்துக்கு நெருக்கம் என்பதில் மட்டும் தகராறு இல்லை. இந்த வழக்கு என்னால் தீர்க்கக்கூடியது அல்ல.

ஒன்று மட்டும் தெரிகிறது. பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு இந்தச் சொற்கள் மாறுகின்றன. எல்லியின் கோப்பில் பிறந்த இடம் 'இங்கிலாந்து' என்று மட்டுமே இருந்தது. பதினைந்தாவது சொல் எது என்று உறுதியாகத் தெரிந்தால், அவர் பின்னேரங்களில் கதவைப் பார்த்துச் சொன்ன அந்த 'யாம்' எந்தப் பக்கம் இருந்தது என்று ஓரளவுக்காவது சொல்லலாம். 'பம்ஃபிட்' நான் பார்த்த பட்டியல்கள் பலவற்றில் இருக்கிறது. குகன் சொன்னதை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். அதை அவர் வாயிலிருந்து கேட்ட மற்ற ஒரே சாட்சி குகன்.

குகனைத் தொண்ணூறுகளில் தொரொண்டோவில் ஒரு கடையில் கண்டதாக ஒருவர் எனக்குச் சொன்னார். பெட்டிகளை அடுக்கும்போது வாய்க்குள் எதையோ எண்ணிக்கொண்டிருந்தானாம். சொன்னவர் அவனை அதற்கு முன் ஒரு தடவைதான் பார்த்திருக்கிறார். நான் அனுப்பிய விசாரிப்புகளுக்குப் பதில் வரவில்லை. அது அவன்தானா என்பதும், பதினைந்தாவது சொல் எது என்பதும் இதை எழுதும்வரை உறுதிப்படுத்தப்படவில்லை.